பழைய பெரிய செடான் வச்சிருக்கியளா? வண்டி மக்கர் பண்ணா எங்க ஆரம்பிக்கணும்னு சொல்லுதேன்

எங்க வீட்ல நிக்கது 2014 மாடல் டீசல் ஆட்டோமேட்டிக், புதுசுல முப்பது லட்சம் கிட்ட போன வண்டி, நான் வாங்கும்போது எட்டு லட்சம். எட்டு லட்சத்துக்கு இப்படி ஒரு வண்டியான்னு சொந்தக்காரங்க எல்லாரும் கேட்டாங்க. ஆனா ஸ்பேர் பார்ட்ஸ் கடைல அது இன்னும் முப்பது லட்சம் ரூபா வண்டிதான், அங்க யாரும் பழைய வண்டின்னு விலைய குறைக்க மாட்டாங்க. இத புரிஞ்சுக்காம வாங்கி ரெண்டு வருஷத்துல பாதி விலைக்கு தள்ளி விட்டவங்கள நாகர்கோவில் டிஎன் 74லயும் பாத்திருக்கேன், மார்த்தாண்டம் டிஎன் 75லயும் பாத்திருக்கேன். அவங்கள்ல நெறைய பேருக்கு வண்டி கெட்டது பெரிய காரணத்தால இல்ல, சின்ன காரணத்த கண்டுபிடிக்காம பெரிய பார்ட்டா மாத்திட்டே போனதாலதான்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல வண்டிய கெடுக்கது மூணு விஷயம். ஒண்ணு உப்புக்காத்து, இன்னொண்ணு வருஷத்துல ரெண்டு தடவ வர மழை, மூணாவது நாகர்கோவிலுக்குள்ள வடசேரிக்கும் செட்டிகுளத்துக்கும் நடுவுல மூணு கிலோமீட்டர் ஓட்டிட்டு நிறுத்துக பழக்கம். கீழ எழுதியிருக்க எல்லாத்துக்கும் இந்த மூணுல ஒண்ணுதான் அடிப்படையா இருக்கும்.

கைல வேணும்னது கொஞ்சம்தான். மல்டிமீட்டர் ஒண்ணு, வண்டி கம்ப்யூட்டர்ல இருக்க பிழை கோட படிக்க, ஓபிடி சாக்கெட்ல சொருகுக புளூடூத் ஸ்கேனர் ஒண்ணு, நல்ல டார்ச் லைட் ஒண்ணு. இது மூணும் சேந்து ஒரு டயர் விலைல கால்வாசி கூட வராது, ஏன்னா இந்த மாதிரி வண்டிக்கு 17 இன்ச், 18 இன்ச் டயர் ஒண்ணே பத்தாயிரத்துக்கு மேல போவுது.

காலைல ஸ்டார்ட் ஆக மாட்டேங்கு

டிக் டிக்னு சத்தம் மட்டும் வந்தா

பேட்டரில இருந்து ஆரம்பிங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டில, டோர் தெறக்கதுக்கு முன்னாடியே பேட்டரில மீட்டர் வைக்க முடிஞ்சா ரொம்ப நல்லது. 12.6 வோல்ட் இருந்தா ஃபுல், 12.2க்கு கீழ போச்சுன்னா பாதி சார்ஜ்தான் மிச்சம். பொறவு ஒருத்தர ஸ்டார்ட் பண்ண சொல்லிட்டு மீட்டர பாருங்க, செல்ஃப் சுத்தும்போது 9.6க்கு கீழ எறங்கிச்சுன்னா பேட்டரி வீக். வண்டி ஓடிட்டு இருக்கும்போது 13.8ல இருந்து 14.7 வரைக்கும் காட்டுனா ஆல்டர்னேட்டர் நல்லா இருக்கு. சில வண்டில கம்ப்யூட்டரே சார்ஜிங்க குறைச்சு வைக்கும், அதனால ஹெட்லைட்டும் ஏசியும் போட்டுட்டு பாருங்க, அப்பவும் ஏறலேன்னாதான் சந்தேகப்படணும்.

பேட்டரி நல்லா இருந்தும் டிக் டிக்னா உப்பு வேலைய காட்டிருக்கும். பேட்டரி நெகட்டிவ்ல இருந்து பாடிக்கும், எஞ்சின்ல இருந்து பாடிக்கும் போற எர்த் ஒயர பாருங்க. முட்டத்துல எங்க மச்சான் வீடு கடல்ல இருந்து கூப்பிடு தூரம், அவரு வண்டிக்கு ஒரு ஒர்க்‌ஷாப்ல ஸ்டார்டர் மோட்டார் மாத்தணும்னு சொல்லிட்டாங்க. நான் போயி எஞ்சின் எர்த் ஒயரோட போல்ட்ட கழட்டுனேன், ஒயர் நுனில இருக்க லக்குக்கு அடில பச்சையா பூத்து கெடந்துச்சு. உப்புத்தாள் வச்சு செம்பு பளபளன்னு தெரியுத வரைக்கும் தேச்சு, திரும்ப முறுக்கி, மேல கொஞ்சம் கிரீஸ் வச்சேன். அடுத்த தடவ பட்டன அமுக்குன உடனே பிடிச்சுது, ரெண்டு வருஷம் ஆச்சு, அதே ஸ்டார்டர்தான் ஓடுது.

பேட்டரி மாத்தினா ஒண்ண கவனிச்சுக்கிடுங்க, சிக்னல்ல தானா ஆஃப் ஆகி ஆன் ஆகுக வண்டிக்கு ஏஜிஎம் இல்லேன்னா இஎஃப்பி பேட்டரிதான் போடணும், சாதாரண பேட்டரி போட்டா சீக்கிரம் செத்துரும். சில கம்பெனி வண்டில புது பேட்டரிய ஸ்கேனர்ல பதிவு பண்ணவும் செய்யணும்.

ரெண்டு நாள் நிறுத்துனா மட்டும் பேட்டரி இறங்குதுன்னா

எதோ ஒண்ணு ராத்திரி முழுக்க கரண்ட் குடிக்குது. டேஷ் கேமரா, பின்னால போட்ட ஆம்பிளிஃபயர், வெளிய வாங்கி மாட்டுன ஜிபிஎஸ், இதுகள மொதல்ல கழட்டி வச்சுட்டு ரெண்டு நாள் பாருங்க, பாதி கேஸ் இங்கேயே முடிஞ்சிரும். முடியலேன்னா வண்டிய பூட்டி அரை மணி நேரம் விட்டுட்டு நெகட்டிவ் ஒயர கழட்டி, பேட்டரிக்கும் ஒயருக்கும் நடுவுல மீட்டர ஆம்ப் செட்டிங்ல மாட்டி பாக்கணும், 50 மில்லி ஆம்ப்புக்குள்ள இருந்தா சரி. அதுக்கு மேல காட்டுனா ஒவ்வொரு ஃபியூஸா பாத்து கண்டுபிடிக்கது ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை, அவரையே கூப்பிடுங்க.

செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா பிடிக்கல

சாவிய வண்டி அடையாளம் காணலேன்னாலும் சில வண்டில இப்படி ஆகும், டேஷ்போர்டுல சாவி படம் இல்லேன்னா பூட்டு படம் மினுங்குதான்னு பாருங்க. அது இல்லேன்னா பானெட்ட தெறந்து எலி கடிச்சிருக்கான்னு டார்ச் அடிச்சு பாக்கணும். தென்னந்தோப்பு, ரப்பர் தோட்டம் பக்கத்துல வீடு இருக்கவங்க இத மாசம் ஒரு தடவ பாக்கது நல்லது. எஞ்சின் கவருக்கு அடில தேங்கா நாரு கெடந்தா எலி கூடு கட்டிருச்சுன்னு அர்த்தம். கடிச்ச ஒயர டேப் சுத்தி விடாதிய, சால்டர் வச்சு ஸ்லீவ் போட சொல்லுங்க. ஒயர் எல்லாம் நல்லா இருந்தும் பிடிக்கலேன்னா ஸ்கேனர போட்டு கோட எழுதி வச்சுட்டு மெக்கானிக்க கூப்பிடுங்க. டீசல் வண்டிய திரும்ப திரும்ப சுத்தவிட்டு ஸ்டார்டரயும் கெடுக்காதிய.

மழைக்கு பொறவு கண்டபடி வார்னிங் லைட், உள்ள ஈர வாடை

என்ன அதிகமா கூப்பிடுகது இதுக்குத்தான். ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டீரிங் எல்லா லைட்டும் ஒண்ணா எரியும், பவர் விண்டோ தானா எறங்கும், சென்ட்ரல் லாக் ராத்திரி ரெண்டு மணிக்கு டக் டக்னு அடிக்கும். உடனே கம்ப்யூட்டர் போச்சு, லட்சத்துக்கு மேல செலவுன்னு பயமுறுத்துவாங்க. அதுக்கு முன்னாடி டிரைவர் கால் வைக்க எடத்துல மேட்ட எடுத்துட்டு கார்ப்பெட்ட உள்ளங்கையால அமுக்கி பாருங்க.

குலசேகரத்துல ஒரு ஃபிரெண்ட் வண்டில நான் அப்படி அமுக்குனப்ப விரலுக்கு நடுவுல வெள்ளம் (தண்ணிய நாங்க அப்படித்தான் சொல்லுவோம்) பொங்கி வந்துச்சு. மேல தொட்டா ஈரமே தெரியல, அடில இருக்க ஸ்பான்ஜ் குடிச்சு வச்சிருக்கு. பானெட்ட தெறந்தா கண்ணாடிக்கு கீழ, வைப்பருக்கு அடில ஒரு பள்ளம் உண்டு, மேல பிளாஸ்டிக் மூடி இருக்கும். அந்த மூடிய எடுத்து கைய விட்டேன், ரப்பர் இலை மக்கி கருப்பு சேறு மாதிரி ரெண்டு கை நெறைய வந்துச்சு. கடைசி கட்டிய இழுத்ததும் கீழ கடகடன்னு தேங்குன வெள்ளம் முழுக்க எறங்குன சத்தம் கேட்டுச்சு. அவ்வளவுதான் வியாதி. வெள்ளம் வெளிய போற ஓட்டை அடைச்சா அது பிளோவர் வழியா உள்ளதான் வரும், உள்ள கார்ப்பெட்டுக்கு அடில, சீட்டுக்கு அடிலதான் பல வண்டில கண்ட்ரோல் பெட்டியும் கனெக்டரும் வச்சிருக்கான்.

ரப்பர் மரம் இலை கொட்டுகது ஜனவரி பிப்ரவரில, அப்ப விழுந்த இலை மே மாசம் வரைக்கும் காஞ்சு கெடக்கும், ஜூன்ல மழை தொடங்குனதும் வண்டிக்குள்ள வெள்ளம். அதனால மே மாசம் ஒரு தடவ, அக்டோபர் மழைக்கு முன்னாடி இன்னொரு தடவ அந்த பள்ளத்த தெறந்து சுத்தம் பண்ணுங்க. புளியமரத்துக்கு அடில நிறுத்துகவங்களும்தான், புளிய இலை சின்னது, நேரா ஓட்டைக்குள்ள போயி அடைக்கும்.

அங்க சுத்தமா இருந்தும் ஈரம் வந்தா சன்ரூஃப். கூரைய தெறந்தா ஓரத்து மூலைகள்ல சின்ன ஓட்டை தெரியும், அரை டம்ளர் வெள்ளத்த பைய ஊத்தி பாருங்க, டயர் பக்கமா கீழ சொட்டணும். சொட்டலேன்னா சைக்கிள் பிரேக் கேபிள் உள்கம்பி மாதிரி வளையுக கம்பிய மெதுவா விட்டு எடுங்க. கம்ப்ரஸர் காத்த அடிக்காதிய, உள்ள டியூப் கழண்டுரும், பொறவு கூரை துணிய எறக்காம மாட்ட முடியாது. மூணாவது காரணம் டோருக்குள்ள இருக்க சீல். நாலாவது ஏசி வெள்ளம் வெளிய போற டியூப் அடைச்சிருக்கது, ஏசி போட்டு நின்னா வண்டிக்கு கீழ வெள்ளம் சொட்டுதான்னு பாத்தா தெரிஞ்சுரும்.

கார்ப்பெட் நனைஞ்சுட்டுன்னா வெயில்ல கண்ணாடிய எறக்கி விட்டா காயாது. சீட்ட கழட்டி கார்ப்பெட்ட தூக்கித்தான் காய வைக்கணும், பேட்டரிய கழட்டிட்டு சீட்ட கழட்டுங்க, சீட்டுக்கு அடில ஏர்பேக் ஒயர் உண்டு. காஞ்ச பொறவும் லைட் எரிஞ்சா, கனெக்டர் பின்னு பச்சையா மாறி இருந்தா, அங்க நிறுத்திக்கிடுங்க, அது சர்க்கியூட் வேலை தெரிஞ்சவங்க கைல போகணும். புது பெட்டி வாங்க சொல்லுகதுக்கு முன்னாடி பழச சரி பண்ண முடியுமான்னு கேளுங்க, பல நேரம் முடியும்.

டெம்பரேச்சர் முள் ஏறுது

மொதல்ல வண்டிய ஓரம் கட்டுங்க. இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானேன்னு வீட்டுக்கு ஓட்டிட்டு போனவங்கதான் பொறவு எஞ்சின் ஹெட்ட கழட்டுனவங்க. ஏசிய ஆஃப் பண்ணி ஹீட்டர ஃபுல்லா வச்சா ஓரம் கட்டுக வரைக்கும் கொஞ்சம் தாங்கும். சூடா இருக்கும்போது மூடிய தெறக்கவே கூடாது, ஆவி முகத்துல அடிக்கும், குறைஞ்சது முக்கா மணி நேரம் ஆறணும்.

டிராஃபிக்ல நிக்கும்போது மட்டும் ஏறுனா ஃபேன். மார்த்தாண்டம் பாலத்துக்கு அடில ஊர்ந்து போகும்போது ஏறி, பொறவு காலி ரோட்டுல எறங்குனா சந்தேகமே வேண்டாம். ஏசி போட்டா ஃபேன் சுத்தணும், சுத்தலேன்னா ஃபியூஸ், ரிலே, கனெக்டர், கடைசியா மோட்டார்.

ஓடும்போது ஏறுனா கூலன்ட் லெவல், ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், இந்த வரிசைல பாருங்க. தெர்மோஸ்டாட் பெட்டியும் பம்ப்பு கூடும் நெறைய வண்டில பிளாஸ்டிக்தான், பத்து வருஷத்துல வெடிப்பு விடும், ஓரத்துல காஞ்ச ரோஸ் கலர் கறை இருந்தா அங்கதான் ஒழுகுது.

வெளிய ஒழுகாம கூலன்ட் குறைஞ்சுட்டே வந்தா அது கெட்ட செய்தி. காலைல ஸ்டார்ட் பண்ணுன ஒரு நிமிஷத்துலயே ரேடியேட்டர் மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகுதா, சைலன்ஸர்ல வெள்ளப்புகை நிக்காம வருதா, ஆயில் மூடிக்கு அடில பால் கலந்த மாதிரி கொழகொழன்னு இருக்கா பாருங்க. இதுல ஒண்ணு இருந்தாலும் ஓட்டக்கூடாது. டீசல்ல ஈஜிஆர் (புகைல கொஞ்சத்த திரும்ப எஞ்சினுக்குள்ள விடுகது) கூலர் உள்ள ஓட்டையானாலும் கூலன்ட் காணாம போகும், அதனால ஹெட் கேஸ்கெட்ன்னு கழட்டுகதுக்கு முன்னாடி பிரஷர் டெஸ்ட் பண்ண சொல்லுங்க.

கூலன்ட்டுக்கு பதிலா கிணத்து வெள்ளம் ஊத்தாதிய. கடலோர ஊர்ல போர்வெல் வெள்ளமே கரிக்கும், அது அலுமினியத்த அரிச்சு தள்ளும். அவசரத்துக்கு பேட்டரி கடைல கெடைக்க டிஸ்டில்டு வாட்டர் ரெண்டு பாட்டில் டிக்கில போட்டு வச்சுக்கிடுங்க.

அறிகுறியே காட்டாத ஒண்ணையும் இங்கேயே சொல்லிருதேன். நெறைய டீசல் எஞ்சின்ல வாட்டர் பம்ப்ப ஓட்டுகது டைமிங் பெல்ட்தான். பெல்ட் அறுந்தா வால்வு பிஸ்டன்ல இடிச்சு எஞ்சினே போகும். பழைய ஓனர்ட்ட மாத்துன பில்லு இல்லேன்னா மாத்தலேன்னே வச்சுக்கிடுங்க, பெல்ட், டென்ஷனர், பம்ப் மூணையும் ஒண்ணா மாத்துங்க. கையில காசு கம்மியா இருந்தா சீட் கவர், மியூசிக் சிஸ்டம் எல்லாம் பொறவு, இது மொதல்ல.

ஏசி குளிரல

காத்தே கம்மியா வந்தா கேபின் ஃபில்டர், அஞ்சு நிமிஷ வேலை. காத்து வருது ஆனா குளிரலேன்னா முன்னால ஃபேன் சுத்துதான்னு பாருங்க. பொறவு கிரில்லுக்கு உள்ள டார்ச் அடிச்சு கண்டென்ஸர பாருங்க, மச்சான் வண்டில அந்த அலுமினிய தகடு தொட்டா அப்பளம் மாதிரி உதிந்துச்சு, அவ்வளவு உப்பு. கடலோரத்துல இருக்கவங்க வாரம் ஒரு தடவ நல்ல வெள்ளத்துல முன்பக்கத்த மெதுவா கழுவுனா ரொம்ப வருஷம் வரும். பிரஷர் வாஷர பக்கத்துல வச்சு அடிச்சா தகடு மடங்கிரும்.

கேஸ் கம்மின்னு சொல்லி வருஷா வருஷம் நிரப்பி விடுக கடைக்கு போகாதிய. கேஸ் தானா தீராது, எங்கயோ லீக். நைட்ரஜன் அடிச்சு செக் பண்ணி, லீக்க காட்டுக ஆளுட்ட குடுங்க. கம்ப்ரஸர் உள்ள தேஞ்சு இரும்புத்தூள் விட்டிருந்தா பைப்பு எல்லாம் கழுவாம புது கம்ப்ரஸர் மாட்டவும் கூடாது.

கியர் உதறுது, இடிக்குது

டி போட்டதும், ஆர் போட்டதும் டொக்குன்னு இடி விழுந்தா கியர்பாக்ஸ்க்கு முன்னாடி எஞ்சின் மவுண்ட்ட பாருங்க. ஒருத்தர பிரேக்க நல்லா மிதிச்சுட்டு டி, ஆர் மாத்தி போட சொல்லுங்க, நீங்க பானெட்ட தெறந்து பக்கவாட்டுல நின்னு பாருங்க, எஞ்சின் துள்ளுனா மவுண்ட் போச்சு.

கெளம்பும்போது மட்டும் உதறுனா ஆயில் எப்ப மாத்துனதுன்னு பாக்கணும். ஆயில்ல ஓடுக டபுள் கிளட்ச் ஆட்டோமேட்டிக் பெட்டிக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவ ஆயிலும் ஃபில்டரும் மாத்துகது வழக்கம். ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்னு சொல்லுக சாதா ஆட்டோமேட்டிக்குக்கும் நான் அதே கணக்குதான் வச்சிருக்கேன். ஆயில் மாத்தி, ஸ்கேனர்ல அடாப்டேஷன் (கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்கு கிளட்ச் அளவ திரும்ப பழக்குகது) பண்ணுன பொறவும் உதறுனா கிளட்ச் பேக், அதுக்கும் மேல மெக்கட்ரானிக்ஸ், அதாவது கியர மாத்துக கம்ப்யூட்டரும் வால்வும் சேந்த பெட்டி, அது லட்சத்துல போற கணக்கு. அதனால ஆயில் மாத்தாம யாராவது மெக்கட்ரானிக்ஸ்னு சொன்னா வண்டிய எடுத்துட்டு வந்துருங்க, திருநெல்வேலிலயோ திருவனந்தபுரத்துலயோ கியர்பாக்ஸ் மட்டும் பாக்க ஆளுட்ட இன்னொரு தடவ காட்டுங்க.

டபுள் கிளட்ச் வண்டிய டிராஃபிக்ல அடி அடியா ஊர விடாதிய. முன்னால ரெண்டு கார் நீளம் எடம் விழட்டும், பொறவு ஒரே மூச்சா நகத்துங்க. ஏத்தத்துல ஆக்ஸிலரேட்டர்ல வண்டிய புடிச்சு நிறுத்தாம பிரேக்ல நிறுத்துங்க.

பவர் இல்ல, கரும்புகை, 3000 ஆர்பிஎம்முக்கு மேல ஏறல

ஸ்கேனர போட்டு கோட மொபைல்ல போட்டோ எடுத்து வைங்க, அழிக்காதிய. பொறவு ஏர் ஃபில்டர். பொறவு டர்போல இருந்து போற ரப்பர் ஹோஸ், ஆக்ஸிலரேட்டர் குடுக்கும்போது உஸ்ஸுன்னு காத்து போற சத்தம் கேட்டாலோ, ஹோஸ் அடில எண்ணெய் ஈரமா இருந்தாலோ அதுல கிழிசல் உண்டு. அதுக்கு பொறவுதான் ஈஜிஆர், காத்து அளக்க சென்ஸர், கடைசில டர்போ.

டிபிஎஃப் (சைலன்ஸர் பைப்ல புகைக்கரிய பிடிக்க ஃபில்டர்) லைட் எரிஞ்சா பயப்படாதிய, ஆனா தள்ளியும் போடாதிய. டவுனுக்குள்ளயே ஓட்டுனா புகைக்கரி எரியுக அளவுக்கு சூடு ஏறாது. ஞாயித்துக்கிழமை காலைல ஆரல்வாய்மொழி தாண்டி காத்தாடி நிக்க நாலு வழிச்சாலைல கேறி, 70, 80 வேகத்துல, 2000 ஆர்பிஎம்முக்கு மேல வச்சு இருபது முப்பது நிமிஷம் நிக்காம ஓட்டுங்க, பெரும்பாலும் லைட் போயிரும். டேங்க்ல கால்வாசியாவது டீசல் இருக்கணும். லைட் மினுங்குனாலோ, எஞ்சின் லைட்டும் சேந்து எரிஞ்சாலோ இப்படி ஓட்டக்கூடாது, ஒர்க்‌ஷாப்தான். ஆயில் டிப்ஸ்டிக்ல லெவல் மேக்ஸிமத்துக்கு மேல ஏறியிருந்தா டீசல் ஆயில்ல கலந்துருச்சு, ஆயில் மாத்தாம ஓட்டாதிய.

பள்ளத்துல எறங்குனா டக் டக்

ஸ்டெபிலைசர் லிங்க் தான் முக்காவாசி நேரம், இருக்கதுலயே விலை கம்மியும் அதுதான். பொறவு லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட், ஷாக் அப்சார்பர், கடைசியா ஸ்டீரிங் ராக். ஜாக்கி ஏத்தி ஸ்டாண்ட் வச்சுட்டு டயர மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுங்க, ஆடுனா பேரிங் இல்ல பால் ஜாயிண்ட். ரெண்டு பக்கவாட்டுலயும் புடிச்சு ஆட்டி ஆடுனா டை ராட். பால் ஜாயிண்ட் ஆட்டம் இருந்தா அன்னைக்கே மாத்துங்க, அது கழண்டா டயர் மடங்கிரும்.

பிரேக் புடிச்சா சத்தம்

ராத்திரி மழை, உப்புக்காத்துல டிஸ்க்ல துரு படியும், காலைல மொத நாலஞ்சு பிரேக்ல போயிரும், அது வியாதி இல்ல. அதுக்கு பொறவும் கிறீச்சுன்னா பேட். ஓட்டிட்டு வந்து நிறுத்துன பொறவு ஒரு வீல் மட்டும் மத்ததவிட ரொம்ப சூடா இருந்தா காலிபர் பின்னு துருப்பிடிச்சு இறுகிருச்சு, கிட்ட கைய கொண்டு போனாலே தெரியும், தொடாதிய. பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தணும். பெடல் உள்ள எறங்கிட்டே போனா வண்டிய எடுக்கவே கூடாது.

வண்டிய தூக்கிட்டு போகணும்னா

ஃபோன் பண்ணும்போதே ஆட்டோமேட்டிக் வண்டி, ஃபிளாட்பெட் (நாலு வீலும் மேல ஏறுக தட்டு லாரி) வேணும்னு சொல்லிருங்க. முன் வீல் ஓட்டுக வண்டில முன் வீல் தரைல உருள, பின் வீல் ஓட்டுக வண்டில பின் வீல் தரைல உருள இழுத்துட்டு போனா நல்லா இருந்த கியர்பாக்ஸும் போயிரும். கயிறு கட்டி இழுக்கேன்னு உதவிக்கு வர அண்ணன்மாருக்கு நன்றி சொல்லிட்டு வேண்டாம்னு சொல்லுங்க. ஏத்துகதுக்கு முன்னாடி கிலோமீட்டர், எரியுக லைட்டு, ஸ்கேனர் கோடு, நாலு பக்கமும் போட்டோ எடுத்து வச்சுக்கிடுங்க, ஒர்க்‌ஷாப்ல எறக்கும்போது "இது மாத்தணும்"னு நீங்க சொல்லாதிய, "எப்ப, எந்த வேகத்துல, சூடா இருக்கும்போதா ஆறுன பொறவா இப்படி ஆகுது"ன்னு மட்டும் சொல்லுங்க. கழட்டுன பழைய பார்ட்ட டிக்கில போட்டு தர சொல்லி மொதல்லயே கேட்டுருங்க.